ஏசி போட்டால் இன்ஜின் உதறுகிறதா? எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. ஏசி போட்டபடி எங்காவது நின்றால்தான் ஸ்டீயரிங் நடுங்கும், சீட் அதிரும், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் உருவம் கலங்கும். சில வண்டிகளில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் சரிந்து இன்ஜினே நின்றுவிடும். ஏசியை அணைத்த மறுகணம் எல்லாம் அடங்கிவிடும். இதைப் பார்க்கிற யாருக்கும் ஏசியில்தான் கோளாறு என்றுதான் தோன்றும். கேஸ் நிரப்பிக்கொண்டு வருவார்கள். குளிர் கொஞ்சம் கூடியிருக்கும், உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம், பெரும்பாலான வண்டிகளில் ஏசி வெறும் சுமைதான். அந்தச் சுமையைத் தாங்க முடியாத பலவீனம் இன்ஜின் பக்கம் முன்பே இருக்கிறது. ஏசி அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே ஏசி பக்கம் கோளாறு இருக்கும் வண்டிகளும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் தேவையில்லாத உதிரிபாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.

ஐடிலிங்கில் என்ன நடக்கிறது

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நின்ற இடத்தில் இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருப்பது ஐடிலிங். நன்றாகச் சூடான பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 650 முதல் 850 ஆர்பிஎம்முக்குள் ஓடும். இந்த நிலையில் அது வெளியே எந்த வேலையும் செய்வதில்லை. எரிகிற பெட்ரோலின் சக்தி எல்லாம் தன் உராய்வைச் சமாளிக்கவும், காற்றை இழுத்துப் புகையைத் தள்ளவும், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப் போன்றவற்றைச் சுற்றவுமே சரியாகப் போய்விடுகிறது. கையில் மிச்சம் என்று எதுவும் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான், ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் வந்து சேர்கிறது. அதைச் சுற்றுவது இன்ஜினிலிருந்து வரும் பெல்ட். வெயில் நாளில் ஐடிலிங்கிலேயே அது 2 கிலோவாட் வரை, அதாவது ஏறக்குறைய 3 குதிரைத்திறன் கேட்கக்கூடும். வேகமாகப் போகும்போது 40, 50 கிலோவாட் கொடுக்கக்கூடிய இன்ஜினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஐடிலிங்கிலோ, ஏற்கெனவே சுமக்கும் பாரத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரிய இன்னொரு பாரம்.

பலரும் கவனிக்காமல் விடுவது மின்சாரச் சுமை. ஏசி ஓடினால் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும், உள்ளே காற்றடிக்கும் ப்ளோயரும் ஓடும். இரண்டும் சேர்ந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுப்பது சாதாரணம். 14 வோல்ட்டில் அது 400 வாட்டுக்கு மேல். ஆல்டர்னேட்டரில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் இன்ஜின் தர வேண்டியது இன்னும் அதிகம்.

இதையெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. நீங்கள் ஏசி பட்டனை அழுத்தியதும் கம்ப்ரஸர் நேரடியாக ஓட ஆரம்பிப்பதில்லை. 'ஏசி வேண்டும்' என்ற சிக்னல் முதலில் ஈசியூவுக்குப் போகிறது. அது, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டை ஒரு மயிரிழை கூடுதலாகத் திறக்கிறது. பழைய வண்டிகளில் இந்த வேலையை ஐஏசி வால்வு என்ற தனி வால்வு செய்யும். காற்று கூடுகிறது, அதற்கேற்ப பெட்ரோலும் கூடுகிறது, பிளக்கில் பொறி விழும் நேரமும் திருத்தப்படுகிறது. அதன் பிறகே ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக, கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச்சுக்கு மின்சாரம் போய், 'டிக்' என்ற சத்தத்தோடு அது பிடிக்கிறது. நல்ல வண்டியில் முள் லேசாகத் தாழ்ந்து உடனே நிமிரும். பல வண்டிகளில் முன்பு இருந்ததைவிட 50 முதல் 150 ஆர்பிஎம் மேலேயே போய் நிற்கும்.

ஆகவே பிழை மூன்று இடத்தில் இருக்கலாம். சுமை அளவுக்கு மீறி இருக்கலாம். சுமை சரியாக இருந்தும் இன்ஜினால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். அல்லது இன்ஜின் ஒழுங்காகவே ஓடி, அதன் அதிர்வு மட்டும் தடுப்பில்லாமல் உள்ளே வரலாம்.

முதலில் முள்ளைப் பாருங்கள்

ஸ்கேனர் வாங்கவோ பானெட்டைத் திறக்கவோ அவசரம் வேண்டாம். இன்ஜினை நன்றாகச் சூடேற விடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படியும் கூடுதல் ஆர்பிஎம்மில்தான் ஓடும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஏசி இல்லாமல் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஜன்னலை இறக்கிவிட்டு ஏசியைப் போடுங்கள். கண் முள்ளில், காது கம்ப்ரஸரில்.

முள் சரியான இடத்தில் ஆடாமல் நிற்கிறது, ஆனாலும் வண்டி குலுங்குகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம். முள் 500, 600 என்று சரிந்து அங்கேயே தள்ளாடினால் காற்று கொடுக்கும் பக்கம், அதாவது த்ராட்டில் தகடு இருக்கும் த்ராட்டில் பாடி அல்லது ஐஏசி வால்வு. முள் பெரிதாக இறங்கவில்லை, ஆனால் ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று ஒரு உதை விழுகிறது, சைலன்சர் ஓரம் காது கொடுத்தால் சத்தம் இடையிடையே தவறுகிறது என்றால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுகிறது. சில விநாடிக்கு ஒருமுறை 'டிக்... டிக்' என்று கிளட்ச் பிடித்து விட, அதே தாளத்தில் முள்ளும் ஏறி இறங்கினால் அப்போதுதான் ஏசி கேஸ் குறைவு பற்றி யோசிக்க வேண்டும். கேஸ் குறைந்தால் லோ பிரஷர் பக்கம் அழுத்தம் சீக்கிரம் இறங்கி கம்ப்ரஸர் நிறுத்தப்படும், அழுத்தம் ஏறியதும் மீண்டும் பிடிக்கும். ஒவ்வொரு பிடிப்பும் இன்ஜினுக்கு ஒரு அடி.

அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. செலவே இல்லாதது, விடை தெளிவாகச் சொல்வது. ஏசி பட்டனை அணைத்துவிடுங்கள். ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள், ஹெட்லைட்டை ஹை பீமில் போடுங்கள், பின் கண்ணாடி டிஃபாகர் இருந்தால் அதையும் போடுங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்புங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து டி-யில் போடுங்கள். இதற்கும் இன்ஜின் அதே மாதிரி உதறினால் ஏசி நிரபராதி. எந்தச் சுமை ஏறினாலும் தடுமாறும் இன்ஜின் அது. இந்தச் சுமைகளையெல்லாம் அலட்டாமல் தாங்கி, ஏசிக்கு மட்டும் முழங்கால் மடக்கினால் கம்ப்ரஸர் பக்கம் திரும்புங்கள்.

த்ராட்டில் பாடி: முதல் சந்தேகம் இங்கே

நிறைய ஓடிய பெட்ரோல் வண்டியில் இந்தக் குறை வந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது த்ராட்டில் பாடியைத்தான். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் தடித்த ரப்பர் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான ஒரு தகடு மூடியபடி தெரியும். சுத்தமாக இருந்தால் அலுமினியம் பளிச்சென்று இருக்கும். அழுக்கேறியதில் தகட்டின் விளிம்பைச் சுற்றி, அது குழாயைத் தொடும் இடத்தில், பிசுபிசுப்பான கறுப்பு வளையம் ஒன்று படிந்திருக்கும். துணியால் தொட்டால் கரி ஒட்டும்.

இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் ஆயில் ஆவியை வெளியே விடாமல் மீண்டும் உள்ளே இழுத்து எரிப்பது எல்லா நவீன இன்ஜினிலும் உள்ள ஏற்பாடு. அந்த ஆவியின் மிச்சம்தான் இந்தக் கறுப்பு. வண்டி ஓடும்போது தகடு அகலத் திறந்திருப்பதால் இது தொந்தரவே இல்லை. ஐடிலிங்கில் தகடு கிட்டத்தட்ட மூடி, மெல்லிய இடைவெளி வழியாகத்தான் காற்று போகிறது. கரி அடைப்பது சரியாக அந்த இடைவெளியை. காற்று குறைவதை ஈசியூ கவனித்து, தகட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து சமாளித்துக்கொண்டே வரும். அதனால்தான் மாதக்கணக்கில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் ஏசி கிளட்ச் பிடிக்கும் கணத்தில் சட்டென்று கூடுதல் காற்று வேண்டும். கரிக்குள் சிக்கிய தகட்டை அதே கோணத்துக்குத் திறந்தாலும் பழைய அளவு காற்று வருவதில்லை. முள் விழுகிறது. ஐஏசி வால்வு உள்ள வண்டிகளிலும் கதை இதுவே, அங்கே கரி அந்த வால்வின் முனையிலும் பாதையிலும் பிடிக்கும்.

சுத்தம் செய்வது கடினமில்லை, ஆனால் அவசரக்காரர்கள் கெடுத்துவிடுகிற வேலை. இதற்கென்று விற்கும் த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். சாவியைப் போட்டுவிட்டுத் தகட்டை விரலால் நெம்பக் கூடாது. எலக்ட்ரானிக் த்ராட்டிலில் உள்ளே இருக்கும் மோட்டாரும் பல்சக்கரங்களும் அதைத் தாங்காது, எந்த நேரமும் தகடு நகர்ந்து விரலையும் நசுக்கும். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் மீது இந்த கிளீனர் படவே கூடாது, அதற்குத் தனி கிளீனர் உண்டு.

சுத்தம் செய்த பிறகு சில வண்டிகள் 1,200, 1,500 ஆர்பிஎம் என்று உறுமும். பயப்பட வேண்டாம். கரியோடு ஓடப் பழகிய ஈசியூ இன்னும் பழைய கணக்கிலேயே தகட்டைத் திறக்கிறது. பல வண்டிகள் கொஞ்ச நேரம் ஓடியதும் தானே திருத்திக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாக ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடிலிங் கணக்கைப் புதிதாகப் பழக்குவது, செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே போல் பழகியது அழிந்து, சிறிது நேரம் ஐடிலிங் தாறுமாறாக இருக்கலாம். 'பேட்டரி மாத்தினதிலிருந்து இப்படி' என்று வருபவர்களில் சிலருடைய பிரச்சினை இவ்வளவுதான்.

மிஸ்ஸிங்கும் ஏர் லீக்கும்

ஏசி போட்டதும் ஈசியூ கூடுதல் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுகிறது என்று பார்த்தோம். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, பிளக்குக்கு அந்த வோல்ட்டேஜைத் தரும் காயிலில் எங்காவது விரிசல் இருந்தாலோ, சுமையில்லாதபோது எப்படியோ எரிந்துகொண்டிருந்த சிலிண்டர் இப்போது விட்டுவிட்டு எரியும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 25 முறை எரிகிறது. அதில் ஒரு சிலிண்டர் முழுக்கத் தவறினால் விநாடிக்கு ஆறு தடவைக்கு மேல் ஒரு வெற்றிடம் விழும். கையில் உணரக்கூடிய அந்தக் 'கடகட' அதுதான்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நான்கில் ஒன்று மட்டும் ஈரமாகவோ, மற்றவற்றிலிருந்து வேறு நிறத்திலோ இருந்தால் அந்த சிலிண்டரைப் பின்தொடருங்கள். காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பது பழைய வழி, இன்றும் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. உதறலோடு செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குப் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மிகையாகச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பிளக் மாற்றும் செலவோடு போக வேண்டியது எங்கோ போய் நிற்கும்.

ஏர் லீக் வேறு வகை. இன்டேக் பக்கம் ஒரு ஹோஸ் வெடித்தோ கேஸ்கெட் காய்ந்து விறைத்தோ போனால், சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுந்து கலவை வறண்டுவிடும், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இருக்காது. இப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் ஏசி இல்லாமலும் கொஞ்சம் தடுமாறும். பானெட்டைத் திறந்தால் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்கலாம். சூடான இன்ஜினில் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ தெளித்து லீக் தேடுகிறவர்கள் உண்டு. தீப்பிடிக்க வாய்ப்புள்ள வேலை அது, வேண்டாம். புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் பாதுகாப்பானது, நிச்சயமானதும்கூட.

இதே குடும்பத்தில், கிராங்க்கேஸ் ஆவியை உள்ளே விடும் பிசிவி வால்வு சிக்கிக்கொள்வதும், எரிந்த புகையில் கொஞ்சத்தை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடாமல் நிற்பதும் வரும். மேலே சொன்னவை இல்லை என்று தெரிந்த பிறகு பார்த்தால் போதும்.

ஏசியே காரணமாக இருக்கும்போது

நின்று சில நிமிடம் ஆன பிறகே உதறல் கூடுகிறது, கூடவே குளிரும் குறைகிறது, வண்டி நகர ஆரம்பித்ததும் இரண்டும் சரியாகிவிடுகிறது என்றால் கண்டென்சர் பக்கம் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் அந்த வலை போன்ற பாகம்தான் ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று உதவும், நின்றால் ஃபேன் மட்டுமே கதி. ஃபேன் ஓடாவிட்டாலோ, மெதுவாக ஓடினாலோ, கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலோ ஹை பிரஷர் பக்கம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதற்கு எதிராக அழுத்தித் தள்ள வேண்டிய கம்ப்ரஸர் இன்ஜினைக் கூடுதலாகப் பிடித்து இழுக்கும். ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்பதைப் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம். விரலை மட்டும் தள்ளியே வைத்திருங்கள்.

கேஸ் தேவைக்கு மேல் நிரப்பியிருந்தாலும் இதே விளைவுதான். 'குளிர் பத்தலை, இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் தொந்தரவு இது. ஆர்134ஏ கேஸ் உள்ள வண்டியில், மிதமான வெயிலில் ஐடிலிங்கில் லோ பக்கம் சுமார் 25 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் 150 முதல் 250 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது பொதுவான வரம்பு. வெயில் ஏற ஏற ஹை பக்கமும் ஏறும். கேஜ் மாட்டாமல், குழாயைத் தொட்டுப் பார்த்து மட்டும் கேஸ் நிரப்புகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். வண்டியில் ஒட்டியுள்ள லேபிளில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். பழையதை முழுக்க எடுத்துவிட்டு, எடை பார்த்து அந்த அளவு நிரப்புவதே முறை.

கம்ப்ரஸரே உள்ளுக்குள் இறுக ஆரம்பித்திருந்தால் கிளட்ச் பிடிக்கும்போது பெல்ட் கிறீச்சிடும், பிடித்த பிறகு கரகரவென்ற சத்தம் தொடரும். ஏசியை அணைத்த பிறகும் கரகரப்பு இருந்தால் புல்லி பேரிங்காக இருக்கலாம்.

இன்ஜின் ஒழுங்காக ஓடியும் வண்டி அதிர்ந்தால்

மவுண்டிங் என்பது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் ரப்பர் தாங்கி. சிலவற்றுக்குள் எண்ணெயும் இருக்கும். அந்த எண்ணெய் கசிந்தாலோ, ரப்பர் கிழிந்தோ அமுங்கியோ போனாலோ இரும்பும் இரும்பும் உரசி, இன்ஜினின் சாதாரண அதிர்வே சீட் வரை வரும். ஏசி போட்டால் ஏன் கூடுகிறது என்றால், ஒவ்வொரு எரிதலும் வலுவாகிறது, ரப்பருக்கு விழும் உதையும் பெரிதாகிறது. மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே சற்று அதிகம் அதிரும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள், புதிதாக வாங்கியபோது எப்படி இருந்தது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டு நான்கு சிலிண்டர் வண்டியோடு அல்ல.

ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை அழுத்தியபடி என், டி, ஆர் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் அதிர்வு மாறினால், அல்லது மாற்றும்போது 'டொக்' என்று இடித்தால் மவுண்டிங் மேல் சந்தேகம் உறுதிப்படும். இதைப் பார்க்க இன்னொருவரை வண்டிக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில் நின்றாலே இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று தெரியும்.

ஸ்கேனர் என்ன சொல்லும்

ஈசியூவிலிருந்து தகவல் எடுக்க வண்டியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் மலிவான ஸ்கேனரே இதற்குப் போதும். ஈசியூ பதிந்து வைக்கும் கோளாறு எண்களை, அதாவது கோட்களை, அது காட்டும். பி0300 என்றால் பொதுவான மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 கலவை வறண்டிருப்பதையும், பி0506 ஐடிலிங் எதிர்பார்த்ததைவிடக் குறைவதையும் காட்டும். கோட் எதுவும் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. அழுக்கேறிய த்ராட்டில் பல நாள் கோட் காட்டாமலே இருக்கும்.

அதனால் கோடைவிட, ஓடும்போதே மாறும் எண்களைக் காட்டும் லைவ் டேட்டா பயனுள்ளது. ஃபியூயல் ட்ரிம் என்ற எண், ஈசியூ தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று சொல்லும். இரண்டு பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் கூட்டல் 20-ஐ நெருங்கி, 2,500 ஆர்பிஎம்மில் சகஜமான அளவுக்கு இறங்கினால் ஏர் லீக். மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் பிரஷரையோ காற்றை அளக்கும் சென்சாரையோ பாருங்கள். ஏசி போடும்போது 'ஏசி ரிக்வெஸ்ட்' என்ற வரி ஆன் என்று மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். அந்தச் சிக்னலே போகாவிட்டால் ஐடிலிங்கை உயர்த்த வேண்டும் என்று ஈசியூவுக்கு எப்படித் தெரியும்?

இங்கே சொன்னதெல்லாம் கிளட்ச் உள்ள கம்ப்ரஸரை மனதில் வைத்து. சில வண்டிகளில் கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றியபடி, அழுத்தும் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஸர் இருக்கும். அதில் 'டிக்' சத்தத்தைத் தேடிப் பயனில்லை. பல ஹைபிரிட் வண்டிகளில் கம்ப்ரஸரை மின்மோட்டார் சுற்றுகிறது, அங்கே இந்தக் கேள்வியே வேறு. டீசல் இன்ஜினில் ஐடிலிங்கைத் தீர்மானிப்பது உள்ளே போகும் டீசலின் அளவு என்பதால், த்ராட்டிலுக்கு முன் இன்ஜெக்டரையும் மவுண்டிங்கையும் பார்ப்பது வழக்கம்.

மெக்கானிக்கிடம் போகும்போது 'ஏசி ப்ராப்ளம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏசி இல்லாமல் ஆர்பிஎம் எவ்வளவு, போட்டால் எவ்வளவு, ஹெட்லைட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் உதறுகிறதா, நின்று எத்தனை நிமிடத்தில் ஆரம்பிக்கிறது என்று சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அங்கேயே இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏசியை முழுசாக வைத்து, பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் காட்டி 'சரியாயிடுச்சு' என்று சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.